ஹேண்டிகேமில் ரெக்கார்டிங் தலைகீழாகிறது, 72 வயது அப்பாவுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கோவில்பட்டிக்காரி:
வணக்கம். அப்பாவுக்கு 72 வயது. இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, கை இலேசாக நடுங்கும், மற்றபடி நல்ல தெம்பு. அத்தான் தன்னுடைய பழைய ஹேண்டிகேமை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மெமரி கார்டில் பதிவாகிற வகை, பக்கவாட்டில் திறக்கிற சின்னத் திரை, கையை நுழைத்துப் பிடிக்க வார். அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஊர்க் கோவில் கொடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வில்லுப்பாட்டு, சாமியாட்டம், முளைப்பாரி ஒன்று விடாமல் எடுத்துவிட்டேன் என்று வந்தவர் டிவியில் போட்டுப் பார்த்தால் பந்தல்கால், யாருடையதோ வேட்டிக்கரை, மணல். கூடவே பக்கத்தில் வந்தவரிடம் வாழைத்தார் விலை பேசுகிற சத்தம். சாமியாடி எழுந்து வருகிற இடத்தில் பொசுக்கென்று வெட்டு. அதாவது எடுப்பதாக நினைக்கும்போது நின்றிருக்கிறது, நிறுத்திவிட்டதாக நினைத்துத் தொங்கப்போட்டு நடக்கும்போது ஓடியிருக்கிறது.

இன்னும் இரண்டு தொல்லை. கேமராவைத் திறக்கும்போதெல்லாம் தேதி, நேரம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு திரை வருகிறது. அப்புறம் அண்ணன் மகன் கார்டை லேப்டாப்பில் போட்டு வேண்டாததை அழித்தான், அன்றிலிருந்து கேமரா ஏதோ டேட்டாபேஸ் என்று எச்சரிக்கை காட்டுகிறது. நான் இருப்பது பெங்களூரில், போனில்தான் சொல்லித்தர முடியும். அம்மா பக்கத்தில் இருப்பார். யோசனை சொல்லுங்களேன்.

ராத்திரி_ரயில்:
எதற்கு இந்தப் பாடு? நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள், இப்போது போனிலேயே இதைவிடத் தெளிவாக வருகிறது.

கோவில்பட்டிக்காரி:
போன் இருக்கிறது சார். அப்பாவுக்கு விரல் காய்ந்துபோய் தொடுதிரை பாதி நேரம் கேட்பதில்லை, இவர் அழுத்தி அழுத்திக் குத்த அது வேறெங்கோ போய்விடுகிறது. எடுத்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் ரெக்கார்டிங்கும் போச்சு. இதில் வாரும் பொத்தானும் ஜூம் நெம்பும் கைக்குத் தட்டுப்படுகின்றன. முக்கியமாக, அவருக்கு இதுதான் வேண்டுமாம்.

கல்யாண_வீடியோ:
தங்கச்சி, வீஎச்எஸ் வீடியோ கேசட் காலத்திலிருந்து கல்யாண வீட்டில் கேமரா தூக்குகிறவன் நான். இந்தத் தலைகீழ் வியாதி வயதானவர்களுக்கு மட்டும் வருவதில்லை, என்னிடம் வேலைக்கு வருகிற பையன்களுக்கும் முதல் மாதம் வரும். காரணம் என்னவென்றால் ஓட விடுவதும் நிறுத்துவதும் ஒரே பொத்தான். ஒரு தடவை அழுத்தம் சரியாக விழாவிட்டாலோ, கை நடுக்கத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டாலோ அதற்குப் பிறகு அன்று முழுக்க எல்லாம் எதிர்மாறுதான். அப்பா ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் அழுத்தியிருப்பார், ஆரம்பத்தில் ஒன்று பிசகியிருக்கும். அதனால் அவரிடம் பொத்தானைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். அந்தக் கணக்கு தானாக நேராகிவிடுகிற மாதிரி ஒரு பழக்கத்தைக் கொடுங்கள்.

எப்படியென்றால், ஒவ்வொரு காட்சி முடிந்ததும் திரையை மடக்கிவிட வேண்டும். இந்த வகை கேமராவில் திரையைத் திறந்தால் பவர் வரும், மடக்கினால் போகும். நான் வைத்திருந்ததில் ஓடிக்கொண்டிருக்கும்போது மடக்கினாலும் பதிவு நின்றுவிடும். கண்வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் உள்ள மாடல்களில் இது மாறலாம், அதனால் அம்மாவை ஒரு தடவை மடக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. திறந்தால் எப்போதும் நின்ற நிலையில்தான் இருக்கும், பொத்தான் அங்கிருந்து ஒரே ஒரு அழுத்தம், முடிந்ததும் மடக்கு. நிறுத்துவதற்குப் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, திரையில் எஸ்டிபிஒய் (காத்திருக்கிறது), ஆர்இசி (பதிவாகிறது) என்று வருகிற பொடி எழுத்தைப் பார்க்கச் சொல்லாதீர்கள், வெயிலில் எனக்கே தெரியாது. மேலே மணி, நிமிடம், நொடி எண் இருக்கும். ஓடினால் பதிவாகிறது, நின்றால் இல்லை. "எண் ஓடுதா?" என்று மட்டும் கேட்டுப் பழக்குங்கள். எழுத்தை வாசிப்பதைவிட அசைவு சீக்கிரம் கண்ணில் படும். மெனுவில் பீப் இருந்தால் அதையும் போட்டு வையுங்கள். முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிகிற மாடல் என்றால் அம்மாவே எதிரே நின்று சொல்லிவிடலாம்.

ஈஸி என்று தனிப் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மெனுவில் பாதி ஒளிந்துகொள்ளும், நல்லதுதான்.

பழைய_ரேடியோ:
அண்ணாச்சி பழக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் அந்த இரண்டு தொல்லைக்கு வருகிறேன்.

தேதி கேட்பது கோளாறு இல்லை. நாம் கழற்றி மாட்டுகிற பேட்டரி போக, கடிகாரத்துக்கென்று உள்ளே சின்னதாக ஒரு ரீசார்ஜ் பேட்டரி இருக்கிறது. மூன்று மாதம் போலக் கேமராவைத் தொடாமல் வைத்தால் அது வற்றிவிடும், அத்தான் வீட்டு அலமாரியில் அப்படித்தான் கிடந்திருக்கும். சார்ஜரைக் கேமராவிலேயே சொருகி, திரையை மடக்கி, முழுதாக 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் யாராவது ஒரு தடவை தேதியைப் போட்டுக் கொடுத்தால் போதும். சார்ஜ் ஏற்றிய பிறகும் கேட்டால் உள்பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றச் செலவழிக்காதீர்கள், தேதித் திரையில் ஓகே அடித்துத் தாண்டுவது எப்படி என்று காட்டிக்கொடுங்கள். தேதி தப்பாக விழும், விழட்டும்.

கார்டு விஷயம். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் ஏவிசிஎச்டி என்ற முறையில் எழுதும், 2006-ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்தது. அதில் வீடியோ தனிக் கோப்பாக வெளியே கிடக்காது. கார்டில் பிரைவேட் என்ற ஃபோல்டர், அதற்குள் ஏவிசிஎச்டி, அதற்குள் பிடிஎம்வி, அதற்குள் ஸ்ட்ரீம் என்று போனால் 00000.எம்டிஎஸ் என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். எந்த வீடியோ எங்கே என்ற பட்டியலைக் கேமரா தனியாக வைத்திருக்கிறது. லேப்டாப்பில் அழித்தால் பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார், அதனால்தான் அந்த எச்சரிக்கை. முதலில் பிரைவேட் ஃபோல்டரை அப்படியே லேப்டாப்பில் காப்பி எடுங்கள். லேப்டாப்பில் வீடியோ பார்க்கிற விஎல்சி மென்பொருளில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு கார்டைக் கேமராவுக்குள் போட்டு அங்கேயே ஃபார்மேட் செய்யுங்கள். இனிமேல் லேப்டாப் காப்பி எடுக்க மட்டும், அழிக்கிற வேலை கேமராவில். மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

முருங்கைமரம்:
நான் என் மாமனாருக்குத் தமிழில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதி அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன், நன்றாக வேலை செய்தது. அதையும் பாருங்கள்.

கல்யாண_வீடியோ:
வீட்டில் உட்கார்ந்து பழக அட்டை சரி. கொடையில் மேளச் சத்தத்துக்கு நடுவே யார் எடுத்துப் படிப்பது? வாயால் சொல்லிக்கொண்டே செய்தால் நிற்கும். திற, அழுத்து, ஓடுது, மடக்கு. அப்பா சத்தமாகச் சொல்லட்டும், வீடியோவில் குரல் விழுந்தால் விழட்டும்.

கோவில்பட்டிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவை வைத்துக்கொண்டு வீடியோ காலில் செய்து பார்த்தோம். மடக்கினால் நின்றுவிடுகிறது, தேதியும் இப்போது கேட்பதில்லை. பீப் சத்தம் அப்பாவுக்குக் காதில் விழவில்லை, ஆனால் எண் ஓடுவது நன்றாகத் தெரிகிறதாம். அம்மா ஒவ்வொரு தடவையும் "ஓடுதா?" என்று கேட்க, இவர் எரிச்சலாக "ஓடுது, ஓடுது" என்று சொல்ல, அது எல்லாமே பதிவாகியிருக்கிறது.

இப்போது வேறொன்று. அவசரமாக மடக்கிவிடுகிறார், பேசிக்கொண்டிருப்பவரின் கடைசி வார்த்தை வெட்டுப்படுகிறது. ஜூமை விடாமல் ஆட்டுகிறார், பார்த்தால் தலை சுற்றுகிறது. டிவியில் போட ஒவ்வொரு முறையும் கார்டைக் கழற்ற வேண்டுமா? கார்டை டிவியில் போட்டால் சில நேரம் எதுவும் வருவதில்லை.

பழைய_ரேடியோ:
கார்டைக் கழற்ற வேண்டாம். எம்டிஎஸ் எல்லா டிவியிலும் ஓடாது. கேமராவில் மினி அல்லது மைக்ரோ எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், எந்த அளவு என்று பார்த்து அதற்கேற்ற கேபிள் வாங்கி, டிவி பக்கத்து முனையை நிரந்தரமாகச் சொருகி வைத்துவிடுங்கள். பார்க்கும்போது சார்ஜரையும் மாட்டிக்கொள்ளட்டும். எடுத்த அன்றைக்கே டிவியில் பார்ப்பது முக்கியம். எங்கே பிசகியது என்று நீங்கள் போனில் சொன்னால் கோபம் வரும், திரையில் தானே பார்த்தால் வராது.

கல்யாண_வீடியோ:
பத்து எண்ணச் சொல்லுங்கள். அழுத்தியதும் கையை ஆட்டாமல் மனதுக்குள் பத்து, பேச்சு முடிந்த பிறகும் மடக்குவதற்கு முன் ஐந்து. ஜூம் தொடவே கூடாது என்றால் கேட்க மாட்டார், அதனால் ஓடும்போது ஜூம் இல்லை, அழுத்துவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் என்று ஒப்பந்தம் போடுங்கள். கை நடுக்கம் ஜூமில்தான் பெரிதாகத் தெரியும். நடந்து பக்கத்தில் போகட்டும், இல்லாவிட்டால் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நிற்கட்டும். ராத்திரி வில்லுப்பாட்டு எடுத்தால் மேடை விளக்குக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள், முகம் கறுக்காது.

கோவில்பட்டிக்காரி:
சரி அண்ணாச்சி. 16 ஜிபி கார்டு ஒரு ராத்திரிக்குப் போதுமா?

பழைய_ரேடியோ:
கேமரா மெனுவில் வைக்கிற ரெக்கார்டிங் தரத்தைப் பொறுத்தது. நொடிக்கு 17 மெகாபிட் என்றால் சுமார் இரண்டு மணி நேரம், 9 என்றால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 9-ல் வைத்துவிடுங்கள், வீட்டு டிவிக்கு அது போதும். கார்டைவிட முதலில் தீர்வது பேட்டரிதான், பழைய பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்காமல் போகலாம், அதனால் கொடைக்கு முன்னால் முழுதாக ஏற்றி வீட்டில் ஓடவிட்டு எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பேட்டரி வாங்குவதாக இருந்தால் பழையதன் முதுகில் உள்ள மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக் கடையில் காட்டுங்கள்.