55 அங்குலத் தொலைக்காட்சி: கூடுதல் விலைக்குத் தகுமா?

வணக்கம். விலை குறைந்த 55 அங்குல 4கே தொலைக்காட்சி ஒன்றையும், ஏறத்தாழ இருமடங்கு விலையுள்ள மினி எல்இடி (ஏராளமான சிறு விளக்குகளால் பின்னொளி தரும்) மாடலையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். திரைப்படங்கள் பொதுவாக நொடிக்கு 24 சட்டகங்கள் என்பதால், 24ஆல் மீதியின்றி வகுபடும் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும்) திரையில் கேமரா மெல்ல நகரும் காட்சிகள் சீராக ஓடும் என்பது புரிகிறது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் நுட்பத்தில்தான் குழப்பம்: இரண்டு பெட்டிகளிலும் அந்த முத்திரை இருந்தாலும், பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி மலிவான மாடலில் இல்லாததால், இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடுகிறது. (விற்பனைக்கூட வெளிச்சத்தில் இது கண்ணில் படுவதில்லை.) நாங்கள் பெரும்பாலும் இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்கள். மினி எல்இடி வைத்திருப்பவர்கள், கறுப்புத் திரையில் வசன வரிகளைச் சுற்றி ஒளிவட்டம் படர்ந்து உறுத்துகிறதா என்பதையும், சாதாரண ஒளிபரப்பில் வேறுபாடு தெரிகிறதா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.