புதுப்பிப்பு: கம்பியில் உரசிய வேப்பங்கிளையை வெட்டியாயிற்று

எங்கள் தெருமுனை வேப்பமரத்தின் கிளை 11 கே.வி. (11,000 வோல்ட்) மின்கம்பியில் உரசுகிறது, தூறல் விழுந்தாலே பொறி பறக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பராமரிப்பு மின்தடை நாளில் ஆட்கள் வந்து வெட்டிவிட்டார்கள். அதற்காக அலுவலகத்துக்கு நடையாய் நடந்தது தனிக்கதை, விடுங்கள்.

மூங்கிலில் அரிவாளைக் கட்டி நானே இழுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னீர்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்தக் கம்பிக்கு உறை கிடையாது. ஈர மூங்கிலிலும் பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும். வந்தவர்களே ஸ்விட்சைத் திறந்து, அதாவது மின்சாரத்தைத் துண்டித்து, கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டார்கள். அதோடு விடவில்லை. தரையில் ஒரு கம்பியை அடித்து, அதில் ஒயரை இணைத்து, நீண்ட கழியால் அந்த ஒயரின் கொக்கிகளை மேலே மூன்று மின்கம்பிகளிலும் மாட்டிய பிறகுதான் ஏணியைச் சாய்த்தார்கள். ஏதோ ஒரு கட்டடத்தின் ஜெனரேட்டர் பின்வழியாக மின்சாரத்தை அனுப்பிவிட்டால்? அது தரைக்கு இறங்கிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த எர்த்.

வெட்டிய விதம்தான் எனக்குத் திருப்தியில்லை. உச்சியை மொட்டையடித்துவிட்டார்கள். வேம்பு அந்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். துளிர்கள் விறுவிறுவென உயரும், பிடிப்பும் குறைவு, காற்றுக்கு முறியும். கம்பிப் பக்கம் போகிற கிளையை மட்டும் அது பிரியும் கணுவில் வெட்டியிருந்தால் மரம் மறுபக்கம் திரும்பியிருக்கும். லைன்மேனிடம் சொன்னேன். "மத்தியானத்துக்குள் இன்னும் ஏழு மரம் இருக்கிறது, சார்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

இந்தப் பகுதிக்கு மட்டும் உறையிட்ட கேபிள் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன்.