சென்னை - டொரண்டோ: அப்பா அம்மாவுக்கு எந்த விமானம்?

ஜூன் கடைசியில் அப்பாவும் அம்மாவும் டொரண்டோ வருகிறார்கள், செப்டம்பரில் திரும்புவார்கள். விசா வந்துவிட்டது, டிக்கெட்தான் படியவில்லை. சென்னையிலிருந்து நேரடி விமானமும் கிடையாது. காலையில் ஆளுக்கு 1,15,000 ரூபாய் காட்டியது, ராத்திரி பார்த்தால் 1,38,000.

செவ்வாய், புதன் என்று தேதியை மாற்றிப் பார்த்தேன். கூகுள் ஃபிளைட்ஸில் விலை அலர்ட் போட்டேன். ம்ஹூம். மலிவாக ஒன்று சிக்கியது, ஆனால் இரண்டு தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்). நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் அம்போ. அம்மாவுக்கு மூட்டுவலி, வீல்சேர் இல்லாமல் முடியாது. அதனால் அது வேண்டாம்.

ஒரே பிஎன்ஆரில் கிடைப்பவை: எமிரேட்ஸில் துபாய் வழி, லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் வழி, பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டன் வழி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வீல்சேரில் பெற்றோரை அழைத்தவர்கள் சொல்லுங்கள், இந்த மூன்றில் எதை எடுக்கலாம்?