வாட்ஸ்அப் இவ்வளவு விரைவாகப் பரவியது எவ்வாறு?

கேள்வி: 2009இல் ஐபோனுக்கென உருவான வாட்ஸ்அப், 5 ஆண்டுகளில் ஏறத்தாழ 45 கோடிப் பயனர்களைப் பெற்றது. 2014 பிப்ரவரியில் அதனை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. விளம்பரத்தையே வெறுத்த ஒரு சிறு நிறுவனத்துக்கு இது எப்படிக் கைகூடியது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: அது தொடக்கத்தில் செய்திச் செயலியே அன்று. உக்ரைனில் பிறந்து பதின்ம வயதில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவரும் யாகூவின் முன்னாள் பொறியாளருமான ஜான் கூம், தொடர்புப் பட்டியலில் உள்ளவர்கள் வேலையில் இருக்கிறார்களா, பேசக்கூடிய நிலையில் இருக்கிறார்களா என்பதைக் காட்டும் நிலைக்குறிப்புச் செயலியாகவே அதை எண்ணியிருந்தார். 2009 ஜூனில் ஆப்பிள் உடனடி அறிவிப்பு வசதியை (செயலியைத் திறக்காதபோதும் தகவல் திரையில் தோன்றுவது) அளித்தபின், ஒருவர் குறிப்பை மாற்றியதும் அது மற்றவர்களுக்குத் தெரிந்தது; எனவே நண்பர்கள் அந்தக் குறிப்புகளை மாற்றி மாற்றியே உரையாடத் தொடங்கினர். செய்தி அனுப்பும் வசதி அதிலிருந்தே பிறந்தது. யாகூவில் உடன் பணியாற்றிய பிரையன் ஆக்டன் அவ்வாண்டின் பிற்பகுதியில் இணைந்தார்.

மறுமொழி 2: பரவலுக்கு முதன்மைக் காரணம் தொலைபேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டது என்பேன். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தேவைப்படவில்லை. முகவரிப் புத்தகமே நண்பர் பட்டியலாயிற்று. குறுஞ்செய்திக்கு, குறிப்பாக வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு, கட்டணம் மிகுந்திருந்த காலத்தில் பிளாக்பெர்ரியிலும் விலை குறைந்த நோக்கியா கைபேசிகளிலும் அது இயங்கியது. போட்டியாளர்கள் பலர் இத்தகைய கைபேசிகளைப் பொருட்படுத்தவில்லை.

மறுமொழி 3: ஒரு சிறு குறிப்பு: வாட்ஸ்அப் எல்லாக் காலத்திலும் முழு இலவசமாக இருந்ததில்லை. ஆண்டுக்கு 1 டாலர் என்றிருந்த கட்டணம் 2016 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே பயனர் எண்ணிக்கை 100 கோடியைத் தொட்டது.