அரியாலைப் பரவைக்கடல் ஓரம் நாயோடு ஒரு நடை

அரியாலையில் இருந்து:

நாயைக் கூட்டிக்கொண்டு நிம்மதியாக நடக்க யாழ்ப்பாணத்தில் இடம் எங்கே என்று பலர் கேட்கிறார்கள். பண்ணைக் கடற்கரைப் பக்கம் அழகுதான், ஆனால் பின்னேரமானால் சனமும் வாகனமும் நெருக்கும். ஒழுங்கைகளில் நடந்தால் படலைக்குப் படலை ஒரு நாய் பாயும். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அங்கே வளர்ப்பு நாயைக் கொண்டுபோக முடியாது. நான் போவது கிழக்கு அரியாலையில் பூம்புகார் பக்கம், வீடுகள் குறைந்து, பரவைக்கடல் என்று நாங்கள் சொல்லும் ஆழமில்லாக் கடனீரேரி தெரியத் தொடங்கும் மண் பாதைக்கு. ஏற்றம் இறக்கம் கிடையாது. பனைகள், அப்புறம் தரவை என்ற வெட்டவெளி, அதற்கப்பால் கண்டல் மரங்களும் தண்ணீரும். முழங்கால் நோவு உள்ளவர்களும் ஆறுதலாக நடக்கலாம்.

எங்கள் ரைகர் சாதாரண ஊர் நாய். வீட்டில் நின்றால் மதிலுக்கு அப்பால் யார் போனாலும் குரைப்பான். இந்தப் பாதையில் இறங்கினால் வாயைத் திறக்கமாட்டான், மூக்குக்குத்தான் முழு வேலையும். ஈரமண்ணில் நண்டு வளை ஒவ்வொன்றாக மணந்து பார்ப்பான். ஒருநாள் ஒரு சின்ன நண்டு தன் பெரிய கொடுக்கை உயர்த்திக்கொண்டு வளை வாசலிலேயே நின்றது. ரைகர் வயிற்றை மண்ணில் படுக்கப் போட்டு, மூக்கு நுனிக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, அது உள்ளே போகும்வரை அசையவே இல்லை.

மாசி மாதம் ஒரு விடியற்காலை பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தோம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, பாசியையும் கூனி போன்ற சிற்றுயிர்களையும் வடித்துத் தின்றன. அந்த இளஞ்சிவப்பு நிறமே அவை தின்னும் தீனியில் இருந்துதான் வருகிறது. சங்கிலியைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்தேன். ரைகரும் பக்கத்தில் படுத்துவிட்டான். நாய் படுத்திருந்ததால் அவை எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டே கிட்ட வந்தன. தனியாகப் போன நாட்களில் கூட அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை.

கொக்குவிலில் இருந்து:

அண்ணா, நீங்கள் சொன்ன பாதைக்கு நாங்களும் போயிருக்கிறோம். அம்மா, நான், எங்கள் கிழட்டு லப்ரடோர். அவளுக்கு இடுப்பு ஏலாது, தார் வீதியில் கொஞ்சத் தூரம் போனாலே இருந்துவிடுவாள். மணலில் நல்லாய் நடந்தாள். வெயில் தாழ்ந்த பிறகு போவது நல்லது. புறங்கையை நிலத்தில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் அது நாயின் பாதத்துக்கும் சூடுதான். போத்தலில் நல்ல தண்ணீர் கட்டாயம் வேண்டும். பரவைக்கடல் தண்ணீரைக் குடிக்க விட்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். திரும்பும்போது பாதங்களையும் கழுவிவிடுங்கள், விரலிடுக்கில் உப்புப் படிந்தால் நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடும்.

அங்கே மாடு சாய்க்கும் ஒரு ஐயா சைக்கிளில் வந்தார். "பிள்ளை, நாயைக் கொண்டு அங்கால போய் நில், பின்னால கன்றோட மாடு வருது" என்றார். பற்றை ஓரமாக ஒதுங்கி நின்றோம். ஒரு தாய்ப்பசு நின்று, தலையைத் தாழ்த்தி, எங்கள் நாயையே பார்த்தது. ஐயா இடையில் சைக்கிளை நிறுத்தி, நாக்கால் ஒரு சத்தம் போட்டார், மாடு போய்விட்டது. கன்று ஈன்ற மாடு நாயைக் கண்டால் முட்ட வரும் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அவர் அன்று வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா இப்போதும் சொல்வார்.

அண்ணா, பாம்பு பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். அம்மாவுக்கு அதுதான் பயம்.

நாவற்குழியில் இருந்து:

நான் நாய் வளர்ப்பதில்லை, பறவை பார்க்கப் போகிறவன். நாயோடு வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சங்கிலியைக் கழற்றாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பங்குனி, சித்திரையில் ஆட்காட்டிப் பறவை வெறும் தரையில் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இல்லை, சின்னக் குழி, சுற்றிவர நாலைந்து கல். முட்டையும் கல்லும் ஒரே நிறம், கவனித்துப் பார்த்தாலும் தெரியாது. நாய் கிட்டப் போனால் தாய் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். சிலவேளை இறக்கை முறிந்தது போல இழுத்து இழுத்து ஓடும். நாயைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகத்தான் அந்த நடிப்பு. அவிழ்த்துவிட்ட ஒரு நாய் அப்படித் துரத்தியதை நான் பார்த்தேன். பறவை தப்பிவிட்டது. ஆனால் அது திரும்பி வரும்வரை முட்டைகள் வெயிலில் கிடந்தன, காகம் இரண்டு அதற்குள் வந்து நின்றன. நான் அவற்றைக் கலைத்துக்கொண்டு நின்றேன்.

உப்புக்கொத்தியும் இப்படித்தான் திறந்த நிலத்தில் முட்டையிடுகிறது. மன்னாரில் ஆராய்ந்து, 2023 இல் தனி இனம் என்று பிரித்து, அனுமன் பெயர் வைத்தார்களே, அந்தச் சின்னப் பறவை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் நம் பக்கத்துப் பறவை அது. ஐப்பசிக்குப் பிறகு வடக்கே இருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் உள்ளான்களுக்கும் ஆறுதல் வேண்டும். ஒவ்வொரு முறை துரத்தும்போதும் அவை தின்று சேர்த்த கொழுப்புத்தான் எரிகிறது.

பாசையூரில் இருந்து:

ஒரு விசயம் யாரும் சொல்லவில்லை. கரையில் பேத்தை மீன் கிடந்தால் நாயை வாய் வைக்க விடாதீர்கள். வலையில் படும் பேத்தையை எங்கள் ஆட்கள் கழித்து எறிவார்கள். காய்ந்து கருவாடாகிக் கிடந்தாலும் நஞ்சு போகாது. அதைத் தின்ற நாய் முதலில் வாயில் நுரை தள்ளும், பிறகு கால் இழுபடும், பிறகு மூச்சும் நிற்கும். எங்கள் மீன்வாடியில் நின்ற நல்லதொரு நாய் அப்படித்தான் போனது. வட்டமாய், வயிறு ஊதி, கிளியின் அலகு போல் பல் இருந்தால் அது பேத்தை. திருக்கை முள்ளையும் கெளிற்று முள்ளையும் பாருங்கள், பாதத்தில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. வலை காயப்போட்ட இடத்தில் நாயைக் கால் தூக்க விடாதீர்கள், அவ்வளவுதான். மற்றபடி வாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம்.

மீண்டும் அரியாலையில் இருந்து:

பாசையூர் அண்ணைக்கு நன்றி. பேத்தையைக் கண்டிருக்கிறேன், காய்ந்ததும் நஞ்சு என்பது தெரியாது.

தங்கச்சி, பாம்பு உண்டு. அந்த மணலில் சுருட்டை விரியன் இருக்கிறது. சின்னப் பாம்பு, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், உடம்பைச் சுருட்டி உரசிச் சரசர என்று சத்தம் போடும். பொழுது பட்ட பிறகுதான் கூடுதலாக வெளியே வரும். அதனால் நாங்கள் இருட்டுமுன் திரும்பிவிடுவோம், இராவணன் மீசை என்ற முட்புல் பற்றைகளுக்குள் ரைகரை மூக்கு நீட்ட விடுவதில்லை. 2000 ஆம் ஆண்டுச் சண்டைக் காலத்தைப் பார்த்த எங்கள் வயதுக்காரருக்கு, மிதிவெடிப் பயத்தில், மிதிபட்ட பாதையை விட்டு இறங்கக் கால் எழாது. அந்தப் பழக்கம் இப்போது நாய்க்கும் உதவுகிறது.

விசர்நாய்த் தடுப்பூசி வருடம் ஒருமுறை போட்டிருக்க வேண்டும். எப்போது, எங்கே போடுகிறார்கள் என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் சொல்வார். கட்டாக்காலி நாய் எதிரே வந்தால் ஓடாதீர்கள், சங்கிலியைக் குறுக்கி, நாயை உங்கள் மறுபக்கம் எடுத்து, மெல்ல விலகுங்கள். மனிதரைக் கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆசுபத்திரிக்குப் போங்கள். கீறல்தானே என்று வீட்டில் இருக்க வேண்டாம்.

மாரியில் பாதை சேறு, வைகாசியில் சோளகம் தொடங்கினால் புழுதி கண்ணைத் திறக்க விடாது. தை, மாசிதான் நல்ல காலம். வருகிற ஞாயிறு விடிய ஆறு மணிக்கு நானும் ரைகரும் அங்கே நிற்போம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாவற்குழித் தம்பி வந்தால் உப்புக்கொத்தியைக் காட்டித்தர வேண்டும், எனக்கு இன்னும் அதை உள்ளானில் இருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாது.