சொத்தைப் பாத்துக்க சம்பளத்துக்கு வெளியாள் வச்சவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

கன்னங்குறிச்சி அக்கா:
முன்னாடி இங்க உயில் பத்திப் பேசினப்ப, எங்க தம்பி சொத்த யாரு பாத்துக்கறாங்கன்னு நெறைய பேரு கேட்டீங்க, அதான் தனியா எழுதறேன். எங்க தம்பிக்கு வயசு நாப்பது தாண்டிருச்சு, ஆனா பேங்க், கணக்கு, கையெழுத்து எதுவும் அவனுக்குப் புரியாது. அப்பா உயில்லயே அவன் பேர்ல ஒரு டிரஸ்ட் (சொத்த ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சு இன்னொருத்தருக்காகப் பாத்துக்கச் சொல்ற ஏற்பாடு) எழுதி வச்சுட்டுப் போனாரு, செவ்வாய்ப்பேட்டை கடை வாடகை, டெபாசிட் வட்டி, இதுல அவன் செலவு நடக்கணும்னு. அப்படிப் பாத்துக்கற ஆளுதான் டிரஸ்டி, அதுக்கு சொந்தத்துல யாரையும் போடல, தொழில விட்டு ஓய்வா இருந்த ஒரு ஆடிட்டரப் போட்டுட்டாரு. எங்க சித்தப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் அந்தக் கோவம் போகல. "ரத்த சொந்தம் நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோம், காசுக்கு வர்றவன் பாத்துக்குவானா"ன்னு கல்யாண வீட்லயே கேட்டாரு.

நல்லாத்தான் பாத்துக்கறாரு. மாசம் பொறந்தா ஒரு தாள் வந்துரும், வாடகை வரவு, மருந்து, தம்பியப் பாத்துக்க வச்சிருக்கற ஆளுக்கு சம்பளம், பால் பாக்கெட் வரைக்கும். ஒரு தடவ "செருப்பு 1 ஜோடி"ங்கற வரிக்குப் பக்கத்துல பென்சில்ல "போன மாசமும் வாங்கியிருக்கே?"ன்னு எழுதியிருந்தாரு. விசாரிச்சா எங்க தம்பி அவன் செருப்ப எதுத்த வீட்டு வாட்ச்மேன் பையனுக்குக் கழட்டிக் குடுத்துட்டு வெறுங்கால்ல நடந்திருக்கான், எங்களுக்கே தெரியல.

அப்புறம் பெரியப்பா பையன் அந்தக் கடைய அடமானம் வச்சு பவர்லூம் போடணும்னு வந்தான். ஆடிட்டர் "பத்திரத்துல அதுக்கு எடமில்லைங்க தம்பி"ன்னுட்டாரு, அவ்ளோதான், டீ குடுத்து அனுப்பிட்டாரு. இதையே நான் சொல்லியிருந்தா அடுத்த பொங்கலுக்கு எங்க வீட்டுப்பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாத்திருக்க மாட்டாங்க. அவருக்குக் குடுக்கற ஃபீஸ்ல பாதி இதுக்கே சரியாப்போச்சுன்னு நெனச்சுக்குவேன்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. டிரஸ்டி சொத்துக்குத்தான், ஆளுக்குக் கார்டியன் (சட்டப்படி காப்பாளர்) வேற. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி இருக்கு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் இருக்கறவங்களுக்கு அங்கதான் கார்டியன் உத்தரவு வாங்கணும். அது என் பேர்ல இருக்கு. பணம் அவர்ட்ட, புள்ள என்கிட்ட.

நாகலூர் காப்பிக்காரன்:
அக்கா உங்களுக்கு நல்ல மனுசன் அமைஞ்சுட்டாரு. எங்களுக்கு வந்தது கம்பெனி. ஏற்காட்டுல எங்க தாத்தா காலத்து காப்பித் தோட்டம், பங்காளிகள்ல பாதிப்பேரு வெளிநாட்டுல, யாரு பாத்துக்கறதுன்னு அடிதடி ஆகாத குறை, அதனால டிரஸ்ட்ல போட்டு தொழில்முறை டிரஸ்டி கம்பெனி ஒண்ணக் கொண்டாந்தோம். பேரு வேண்டாம். சூட் போட்டுக்கிட்டு வந்து பிரசன்டேஷன் எல்லாம் காட்டுனாங்க, ஃபீஸ் சொத்து மதிப்புல இத்தன சதவீதம்னு. இங்கதான் நம்மாளுங்க முழிச்சுக்கணும், மலைல எடத்தோட மதிப்பு ரிசார்ட்காரன் புண்ணியத்துல எங்கயோ போயிருச்சு, ஆனா வருமானம் காப்பி, மிளகு வெலைய நம்பித்தான், அப்ப மதிப்புல சதவீதம் குடுத்தா நல்ல வருசத்துலயே கை கடிக்கும், காப்பி படுத்துக்கற வருசத்துல கேக்கவே வேணாம்.

அதவிடப் பெரிய கூத்து அறுவடையில. நவம்பர்ல ஆரம்பிச்சா பழம் எடுக்கற வேல ஓடிக்கிட்டே இருக்கும், செவந்த பழத்த அந்த வாரமே எடுக்கலன்னா செடிலயே காஞ்சுரும், கீழ கொட்டும். ஆளுங்களுக்கு சனிக்கெழம கூலி கைல இருக்கணும். கம்பெனில ஒவ்வொரு பேமென்ட்டும் மேலிடத்துல ஓகே ஆகணுமாம், சனிக்கெழம லீவாம்! வாழவந்தில இருந்து வர்ற பொம்பளைங்க ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்துட்டு பக்கத்து எஸ்டேட்டுக்குப் போயிட்டாங்க, அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. காப்பிக்கு நிழல் குடுக்கற சில்வர் ஓக் மரத்த வெட்டறதுக்கும் அதே கததான், மலைல மரம் வெட்ட அனுமதி வாங்கணும்னு 1955லயே சட்டம் இருக்கு, அது தெரியாம அவங்க ஆளு கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாரு.

இப்ப எப்படி ஓடுதுன்னா, கணக்கு, வரி, பங்கு பிரிக்கறது மட்டும் கம்பெனி. தோட்டத்துக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட், ஒரு தொகை வரைக்கும் எங்க மேனேஜரே எடுத்துக்கலாம், மாசக்கடைசில பில்லக் காட்டணும். இத பத்திரத்துல திருத்தம் போட்டுத்தான் செஞ்சோம், வாய்ப்பேச்சுல இல்ல. அதுக்கப்புறம் கூலி நிக்கல, பங்காளிங்களும் சத்தம் போடறதில்ல. ஒரு தாள்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல கணக்கு போகுதுல்ல, அந்த விசயத்துல கம்பெனி கரெக்ட்டுதான்.

அம்மாபேட்டை ராஜா:
இவ்ளோ எதுக்குங்க, நம்பிக்கையான ஆளுக்கு ஒரு பவர் (நமக்கு பதிலா கையெழுத்துப் போடற அதிகாரப் பத்திரம்) எழுதிக்குடுத்தா போதாதா

பேங்க் தாத்தா:
தம்பி ராஜா, பவர் குடுத்தவர் கண்ண மூடுனா பவரும் முடிஞ்சுது. சொத்துக்காரர் போனப்புறந்தானே ஆளு வேணும், அப்ப அந்தப் பேப்பர வச்சு என்ன பண்றது?

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கறவன். பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனப்புறம் தெரிஞ்ச குடும்பங்களுக்கு டிரஸ்டியா இருக்கேன். கூப்படறவங்ககிட்ட மொதல்ல நான் கேக்கறது, என் சம்பளம் எங்க எழுதியிருக்கு. சிரிப்பாங்க. 1882 டிரஸ்ட் சட்டத்துல 50ஆம் பிரிவப் பாருங்க, பத்திரத்துல எழுதலன்னா, தனியா ஒப்பந்தமும் இல்லன்னா டிரஸ்டிக்கு ஊதியம் கேக்கற உரிமையே கிடையாது. "ஃப்ரீயா பாத்துக்கறேங்க"ன்னு ஒருத்தன் வந்தா நான் பயப்படுவேன், அவன் வேற எங்கயோ எடுத்துக்கப் போறான்.

ரெண்டாவது, என்னை எப்படி வெளிய அனுப்புவீங்க? அந்த வரி இல்லாத பத்திரம் நெறைய பாத்துட்டேன். டிரஸ்டி தூங்குனாலோ, படுத்த படுக்கையானாலோ, மாத்தறதுக்கு கோர்ட் வாசல்ல நிக்க வேண்டியதாயிரும். என் பத்திரங்கள்ல எனக்கு அடுத்து யாருங்கறது பேரோட இருக்கும், எனக்கு எழுபது தாண்டியாச்சு பாருங்க.

டிரஸ்ட் எடத்த டிரஸ்டியே வாங்கக்கூடாது, பினாமில வாங்குனாலும் அதே தப்புதான். பயனாளி, அதாவது டிரஸ்ட் யாருக்காக இருக்கோ அவரு, எப்ப கேட்டாலும் கணக்கக் காட்டியாகணும். ஒரு குடும்பத்துல மருமகன் ஒருத்தர் "மாமா, அரிசிப்பாளையத்து எடத்த நீங்களே எடுத்துக்கங்க, வெலைய கொஞ்சம் பாத்துப் போட்டுக்கலாம்"னு பழத்தட்டோட வந்தாரு. தட்டத் திருப்பிக் குடுத்துட்டு அன்னிக்கே எல்லா வாரிசுக்கும் வாட்ஸாப்ல போட்டுட்டேன். மூணு மாசம் அவரு என்னோட பேசல.

கன்னங்குறிச்சி அக்கா:
ஐயா, தனிப்பட்ட ஆளுக்கு பதிலா கவர்மென்ட்ல யாரும் இல்லையா? எங்க ஆடிட்டருக்கும் வயசாகுது.

பேங்க் தாத்தா:
இருக்காங்கம்மா. 1913 சட்டப்படி அஃபீஷியல் டிரஸ்டின்னு ஒரு பதவி, நம்ம மாநிலத்துக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்ட ஒட்டித்தான் ஆபீஸ். அவங்க சம்மதிச்சா டிரஸ்டியா போடலாம், கட்டணம் உண்டு. ஆள் சாகாது, ஊர விட்டு ஓடாது. ஆனா செருப்பு வரிக்குப் பக்கத்துல பென்சில்ல எழுத மாட்டாங்க.

சாக்ரமென்டோ மருமக:
நான் சூரமங்கலத்துப் பொண்ணு, இங்க கலிஃபோர்னியால இருக்கேன். இங்க இந்த வேலைக்குன்னே லைசென்ஸ் உண்டு, 2006ல சட்டம் போட்டு தனி பீரோவே வச்சிருக்காங்க, பேரப் போட்டா லைசென்ஸ் இருக்கா, நடவடிக்கை ஏதாவது வந்திருக்கான்னு பாத்துக்கலாம். எங்க மாமியார் விசயத்துல அப்படித்தான் ஒருத்தர வேணாம்னு ஒதுக்குனோம். நம்ம ஊர்ல அந்த மாதிரி லைசென்ஸ் இல்லாததால ஆடிட்டர்னா சிஏ இன்ஸ்டிட்யூட், வக்கீல்னா பார் கவுன்சில், அங்க பேரு இருக்கான்னாவது பாருங்க.

நாகலூர் அண்ணா, உங்க வெளிநாட்டுப் பங்காளிங்களுக்கு ஒண்ணு சொல்லிருங்க. என்ஆர்ஐக்கு தோட்டம் வாரிசா வரலாம், விக்கறப்ப இந்தியாவுல இருக்கற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்க முடியும். எங்க வீட்ல இது தெரியாம ஒரு அமெரிக்கா பார்ட்டியோட வெல பேசி முடிச்சுட்டாங்க.

நாகலூர் காப்பிக்காரன்:
நல்ல வேள சொன்னீங்கம்மா, ஒருத்தன் அங்கிருந்தே ஆளப் புடிச்சு வச்சிருக்கான். பேங்க் ஐயா, அந்த "வெளிய அனுப்பற" வரி எப்படி எழுதியிருக்கீங்கன்னு பேரெல்லாம் மறச்சுட்டு ஒரு போட்டோ போட முடியுமா? எங்க பத்திரத்துல அது இல்ல, திங்கக்கெழம வக்கீலப் பாக்கப் போறேன்.