நெளிவு சுளிவா, நெளிவு சுழிவா? அவசரம்

பூவரசு:
மக்களே ஒரு டவுட்டு. ஆபீஸ்ல ஒரு அண்ணன் ரிட்டயர் ஆறாரு, பிளக்ஸுக்கு வாசகம் எழுதுற வேலை என் தலையில விழுந்துச்சு. "தொழிலின் நெளிவு சுழிவுகளைக் கற்றுத் தந்தவர்"னு எழுதிக் குடுத்தேன், பிரிண்ட் போடுறவரு சுளிவுன்னு மாத்திட்டு இதான் கரெக்ட்டுங்கிறாரு. எது சரி? அதவிட பெரிய டவுட்டு, புழுதான் நெளியும், இல்லன்னா ஹோட்டல்ல பில்லு வரும்போது கூட வந்தவன் நெளிவான், அப்போ ஒரு பெரியவர இப்பிடி எழுதினா குத்திக்காட்டுற மாதிரி ஆயிடாதா? காலைல பிரிண்ட், சீக்கிரம் சொல்லுங்க.

திண்ணைப்பேச்சு:
சுளிவுதான். முகம் சுளிக்கிறோம்ல, அந்தச் சுளி. ழ போட்டா ஆத்துச் சுழி, தலைச்சுழி, மூணு சுழி ண, எல்லாமே ஒரே எடத்துல சுத்துறது. ஆனா ழ போட்டும் நெறய பேரு எழுதுறாங்க, அதுக்காக பிளக்ஸ யாரும் கிழிக்கப் போறதில்ல.

கோலப்பொடி:
வாசல்ல போடுறவங்களுக்கு இது கையிலயே தெரியும். நெளிக்கோலத்துல, அதாங்க சிக்குக்கோலம், புள்ளி மேல கம்பி படாது, ஒரு புள்ளிக்கு இந்தப் பக்கம் போனா அடுத்த புள்ளிக்கு அந்தப் பக்கம் போகும், அந்த மாறி மாறிப் போறதுதான் நெளி. ஒரே புள்ளிய முழுசா சுத்தி வந்துட்டா அது சுழி. நேத்து 7 புள்ளி 4 வரைக்கும் இடுக்குப்புள்ளி வெச்சு ஆரம்பிச்சேன், பால்காரர் கூப்பிட்ட நேரம் ஒரு நெளிய பக்கம் மாத்திப் போட்டுட்டேன், கம்பி வந்து சேர வேண்டிய எடத்துக்கு வரவே இல்ல, மொத்தத்தையும் தண்ணி ஊத்தி அழிச்சேன். நெளி மோதிரத்தையும் பாருங்க, நடுவுல மட்டும் கம்பி எறங்கி ஏறும், அதுக்குத்தான் அந்தப் பேரு.

லோடு வண்டி:
எங்க லைன்லயும் அதே கததான். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, அது ஒவ்வொண்ணும் வளைவுதான், ஸ்டியரிங்க ஒடிக்கிறப்ப எவனும் நெளிவுன்னு சொல்ல மாட்டான். மேல ஏறி டீ குடிச்சுக்கிட்டே கீழ பாக்கும்போதுதான் ரோடு பாம்பு மாதிரி நெளிஞ்சு கெடக்குதுன்னு வாயில வரும். ஒத்த வளைவு நெளிவாகாது, இடதும் வலதுமா தொடர்ந்து வரணும். அப்புறம் பம்பர்ல இடிச்சா தகரம் நெளிஞ்சிருச்சுங்கிறோம், அது வேற சோகம்.

குத்தலான்னு கேட்டீங்க. இல்லங்க. எந்த வளைவுல எந்த கியர்னு தெரிஞ்சவனத்தான் நெளிவு சுளிவு தெரிஞ்சவன்னு சொல்றது, மரியாதைதான். கண்ணடிச்சுக்கிட்டே சொன்னா வேற அர்த்தம், பிளக்ஸ் கண்ணடிக்காது.

திண்ணைப்பேச்சு:
"கொஞ்சம் நெளிவு சுளிவா நடந்துக்கப்பா"ன்னு வீட்டுல சொல்றதும் உண்டு, வெறைப்பா நிக்காம அனுசரிச்சுப் போன்னு. பிளக்ஸுக்கு அது வேணாம், நீங்க எழுதினதே போதும்.

பூவரசு:
ரொம்ப நன்றி, சுளிவே இருக்கட்டும். போன் பண்ணி சொன்னேன், "நான்தான் அப்பவே சொன்னேனே சார்"னு சிரிக்கிறாரு. இப்ப கற்றுத் தந்தவர்ல நடுவுல த் வருமா வராதான்னு அவரே கேக்குறாரு, யாராச்சும் முழிச்சிருக்கீங்களா?